கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு வாய்த் தண்ணீர்

என் சித்திக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் பேச ஆரம்பித்தாலும் அந்தப் பேச்சை அவள்தான் முடித்து வைப்பாள். எதிரில் இருப்பவர் பாதி வழி வருவதற்குள் இவள் மீதி வழியை ஓடி முடித்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்ப்பாள். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். "சித்தி, எனக்குத் தலை…" என்று ஆரம்பிப்பேன். "வலிக்குதா? மாத்திரை அலமாரில இருக்கு, எடுத்துக்கோ" என்பாள். தலை பின்னிவிடச் சொல்லத்தான் போயிருப்பேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்புவேன். அத்தனை அக்கறையோடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்.

அவளுக்கு வாய்த்த வேலையும் அப்படி. நகரப் பேருந்து நிலையத்தில், டீக்கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு கம்பி போட்ட ஜன்னல் இருக்கும். மேலே 'தொலைந்த பொருட்கள்' என்று எழுதியிருக்கும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவள் சித்தி. அவள் முதுகுக்குப் பின்னால் இரும்பு அடுக்குகள். அதில் குடைகள், ஹெல்மெட்டுகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு பல்செட்டு. எல்லாவற்றிலும் நூல் கட்டிய அட்டை தொங்கும். பல்செட்டை மட்டும் யாருமே தேடி வரவில்லை. "எப்படி வருவாங்க? வாயத் தொறந்து கேக்கறதுக்கே அது வேணுமே" என்பாள்.

ஒரு நாள் பெரியவர் ஒருவர் வந்து, "அம்மா, நேத்து சாயங்காலம் பஸ்ஸுல என்னோட…" என்றார்.

"குடை. கறுப்புதான? இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்து."

பெரியவர் குடையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் மழைக்கு அதே குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, தான் தொலைத்தது மூக்குக்கண்ணாடி என்று சொன்னார். "அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள் சித்தி. "சொல்ல வந்தேம்மா. குடையும் நல்லா இருந்துச்சு" என்றார் அவர்.

சித்தப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். பேச்சில் நிதானம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இரண்டு மாடி ஏறி இறங்கி வரலாம். இப்படி ஒருவரை இப்படி ஒருத்தி கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வீட்டில் சித்தப்பா வாக்கியங்களைத் தொடங்கி வைப்பார், அவ்வளவுதான். அது அவருக்கும் வசதியாகப் போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

இவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கு மூன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. வீட்டில் அவனுக்கு 'ஜட்ஜ்' என்று பெயர். யார் என்ன வாதாடினாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பான். கடைசியில் மரக்கரண்டியால் தரையில் ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்து போய்விடுவான். காதில் குறை இருக்குமோ என்று பரிசோதித்தார்கள். காது நன்றாகவே இருந்தது. அடுத்த அறையில் பிஸ்கட் உறையைப் பிரித்தால் போதும், ஜட்ஜ் அங்கே இருப்பான். வேண்டியதைக் கையால் காட்டுவான். காட்டி முடிப்பதற்குள் சித்தி கொடுத்துவிடுவாள்.

இதில் அவசரம் எப்படி வந்தது என்றால், பகலில் அவனைப் பார்த்துக்கொண்ட கீழ்வீட்டு அக்கா தன் மகளோடு இருக்க வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மழலையர் பள்ளி இருந்தது. அதன் தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. மறைக்காமல் சொன்னார்.

"ஒரு வகுப்புல இத்தனை பிள்ளைங்க, பாத்துக்க ரெண்டே பேரு. அவனா வாயத் தொறந்து தண்ணி வேணும்னாவது கேக்கணும். கதை சொல்ல வேண்டாம், பாடம் ஒப்பிக்க வேண்டாம். அது மட்டும் வரட்டும். விடுமுறை முடிஞ்சு தொறக்கும்போது கூட்டிட்டு வாங்க, சேத்துக்கறேன்."

விடுமுறைக்குள் அந்தச் சொல் வராவிட்டால் சித்தி ஜன்னலை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். அவளுக்கு அந்த ஜன்னல் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். சம்பளத்தைவிட, ஊர் முழுக்க அவளிடம் வந்து பேச்சைப் பாதியில் விட்டுப் போகும் இடம் அது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான். அதனால் சித்தி என்னைப் 'பட்டம்' என்று கூப்பிடுவாள். ஏதாவது புரியாவிட்டால், "பட்டத்தைக் கேளு" என்பார்கள். எனக்கும் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். இசை கேட்டால் குழந்தைகளின் பேச்சும் கற்றலும் வளரும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு வயலின் இசைத் தொகுப்பை சித்தியின் போனில் ஏற்றிக் கொடுத்து, காலையும் மாலையும் போடச் சொன்னேன். அதைக் கேட்டு வீட்டில் நன்றாகத் தூங்கியவர் சித்தப்பா. ஜட்ஜ் போனை எடுத்துப் போய் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டான்.

"தீர்ப்பு சொல்லிட்டான்டி" என்றாள் சித்தி.

அதன் பிறகுதான் அரசு மருத்துவமனையில் இருந்த பேச்சுப் பயிற்சியாளரிடம் போனோம். நானும் கூடப் போனேன். அறையில் ஒரு பாய், ஒரு கூடை நிறையப் பொம்மைகள், சுவரில் கையெட்டும் உயரத்தில் ஒரு கண்ணாடி. அவருக்கு என்னைவிடச் சில வயது அதிகம் இருக்கலாம். ஜட்ஜோடு பாயில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பந்து உருட்டினார். பிறகு சித்தியிடம், "இவனுக்கு நீங்க பாடுவீங்களா?" என்று கேட்டார்.

"போன்ல போட்டு விட்டோம் டாக்டரம்மா. பட்டம் சொல்லுச்சு."

"நான் டாக்டர் இல்லம்மா. போன் பாடும். ஆனா இவன் என்ன செய்யறான்னு அது பாக்காது. நீங்க பாடணும். தெரிஞ்ச பாட்டா, சின்னதா, திரும்பத் திரும்ப. அவனுக்கு மெட்டு பழகிடும். பழகினப்புறம், கடைசிச் சொல்லை மட்டும் பாடாம…"

"விட்டுடணும். புரிஞ்சுது."

"விட்டுட்டு, அவன் முகத்தையே பாத்துக்கிட்டு…"

"காத்திருக்கணும். அவ்வளவுதான?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அவ்வளவேதான்மா. மெட்டு ஓடிட்டே வந்து பாதில நின்னா, அத முடிக்கணும்னு அவனுக்குள்ள ஒரு அரிப்பு வரும். அந்த இடத்த அவனுக்கு விட்டுக் குடுக்கணும்."

சித்தி குரலைத் தணித்து, "நான் நிறையப் பேசறதாலதான் இவன் பேசலையா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் கேட்காத, ஆனால் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த கேள்வி அது.

"அப்படி இல்ல. சில பிள்ளைங்க தாமதமா வருவாங்க. ஏன்னு எல்லா நேரமும் சொல்ல முடியாது. யாராலயும் இல்ல. வர்றவனுக்கு வழி விடணும், அது ஒண்ணுதான்."

சித்தி வேலையிடத்தையே பாட்டாக்கிக்கொண்டாள். மெட்டு அவளுடையது, அதில் மூன்றே சுரம்தான் இருந்திருக்கும், மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

*யாரோ விட்டது ஒரு தொப்பி,*
*யாரோ விட்டது ஒரு செருப்பு,*
*யாரோ விட்டது, யாரோ விட்டது,*
*யாரோ விட்டது ஒரு… பந்து.*

ஜட்ஜுக்குப் பந்து என்றால் உயிர். பாட்டு அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. பிரச்சினை அந்த 'ஒரு'வுக்குப் பின்னால் இருந்தது. சித்தியால் அங்கே நிற்க முடியவில்லை. 'ஒரு' என்று நிறுத்துவாள், கண்ணை அகல விரிப்பாள், உதடு துடிக்கும், பந்து வெளியே வந்து விழுந்துவிடும். பத்து வரை மனசுக்குள் எண்ணச் சொன்னேன். "எண்ணிட்டேன்டி" என்றாள். எண்ணியிருப்பாள், அவள் வேகத்தில். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். விரலிடுக்கு வழியாகப் பந்து வந்தது. சித்தப்பா ஒரு நாள், "நீ வேணும்னா வாயில…" என்றார்.

"தண்ணி வச்சுக்கவா? ஏங்க, இது நல்ல யோசனையா இருக்கே."

சித்தப்பா என்ன சொல்ல வந்தார் என்பது யாருக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் வந்தது. 'யாரோ விட்டது ஒரு' என்று பாடியதும் சித்தி சட்டென்று ஒரு வாய் தண்ணீரை எடுத்துக்கொள்வாள். இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டு, கண்கள் பிதுங்க, மகனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டில் முதல் முறையாக அமைதி என்ற ஒன்று நிலவியது. சுவர்க் கடிகாரம் சத்தம் போடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இந்த ஏற்பாட்டில் நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. கன்னத்தை உப்புவதும் பாட்டில் ஒரு பகுதி என்று ஜட்ஜ் எடுத்துக்கொண்டான். கொஞ்ச நாளில், மெட்டை ம்ம் என்று முழுசாக முனகிக்கொண்டே வந்து, கடைசியில் சரியாக அந்த இடத்தில் அம்மாவைப் போலவே கன்னத்தை உப்பி நிறுத்துவான். அவள் தண்ணீரை விழுங்கும்வரை அவனும் விடமாட்டான். அவள் பாதியில் விழுங்கிவிட்டால் கரண்டியால் தட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பான். சித்தி ஒரு மாலையில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, "பேச்சு வருதோ இல்லையோ, எனக்குச் சிறுநீரகம் சுத்தமாயிடும்" என்றாள்.

எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னோம். அவர் சித்தியையும் மகனையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பாடச் சொன்னார். இரண்டு பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு முதலில் அடக்க முடியாமல் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணும் கெடலம்மா. மெட்டு முழுசா அவன்கிட்ட இருக்கு. முடிவு எங்க வருதுன்னு தெரியுது. தன் முறை வர்றது தெரியுது. வாய்க்குள்ள காத்தையும் கட்டி வச்சிருக்கான். இனிமே அத வெளிய விட்டா போதும்."

அவர் ஜட்ஜைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, தானும் கன்னத்தை உப்பி, விரலால் மெல்லத் தட்டினார். காற்று 'ப்' என்று வெடித்தது. ஜட்ஜ் திகைத்துப்போய், தன் கன்னத்தைத் தானே தட்டிக்கொண்டான். ப். மறுபடியும். ப். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ப், ப் என்று வந்தான். இரண்டு வாரத்தில் அது 'ப்பா' ஆனது. சித்தப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடி வந்தார். "உங்கள இல்லங்க, பந்த" என்றாள் சித்தி. அவர் அசையவில்லை. "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்.

பந்து வந்த வழியில் மற்றவையும் வந்தன. அதே மெட்டு, 'எனக்கு வேணும், எனக்கு வேணும், எனக்கு வேணும் ஒரு…' என்று சித்தி பாடினால், கன்னத்தை உப்பி யோசித்து, பிஸ்கட் என்பதற்கு ஏதோ ஒன்று, பொம்மை என்பதற்கு ஏதோ ஒன்று சொல்வான். தண்ணியும் வந்தது, பாட்டின் அடிகளும் மெல்ல அவன் வாய்க்கே வந்தன. ஒரே ஒரு நிபந்தனை: அம்மா வாயில் தண்ணீர் இருக்க வேண்டும்.

மெட்டுதான் அவனைப் பேசவைத்ததா, அல்லது அந்த மெட்டைச் சாக்காக வைத்து எங்கள் வீடு வாயை மூடியதுதான் காரணமா என்று எனக்குக் குழப்பம். பயிற்சியாளரிடம் கேட்டேன். "ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரியில் சேர்ந்த புதிதில், எழுந்து நின்று பேசும்போது பாதியில் சொல் கிடைக்காமல் நிறுத்துவேன். வகுப்பே காத்திருக்கும். யாரும் முடித்துக் கொடுக்கவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. அது அவர்கள் எனக்கு விட்ட இடம் என்று அப்போது தோன்றவில்லை. இப்போதும் முழுசாகத் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

பழக்கம் ஜன்னலுக்கும் பரவியது. பேருந்து நிலையத்தில் சித்தி பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டாள். ஆட்கள் தாங்கள் உண்மையில் எதைத் தொலைத்தார்களோ அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. எந்த பஸ், எந்த சீட், யாரைப் பார்க்கப் போனது, போன இடத்தில் மருமகள் எப்படி நடந்துகொண்டாள் என்பதுவரை வந்தது. வரிசை டீக்கடையைத் தாண்டியது. மேற்பார்வையாளர் வந்து, "என்னம்மா, முன்னல்லாம் சட்டுனு அனுப்பிடுவ, இப்ப என்ன…" என்றார். சித்தி கன்னத்தை உப்பிக்கொண்டு அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தாள். அவருக்கு மேலே சொல்ல ஒன்றும் இல்லாததால் போய்விட்டார்.

பள்ளி திறந்தது. சித்தி என்னையும் அழைத்துப் போனாள்; படித்த பெண் கூட இருந்தால் ஒரு மரியாதையாம். சித்தப்பா வேலைச் சட்டையோடு நேராக வந்து சேர்ந்தார். தலைமை ஆசிரியை மேசைக்கு அந்தப் பக்கம்; மேசை மேல் ஒரு தண்ணீர்க் கூஜா, மூடி போட்ட டம்ளர்.

"என்ன கண்ணா, வெயில்ல வந்திருக்க. தாகமா இருக்கா? என்ன வேணும்?"

ஜட்ஜ் அவரைப் பார்த்தான். கூஜாவைப் பார்த்தான். பேசவில்லை. நான் சித்தியைப் பார்த்தேன். இரண்டு உதட்டையும் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த 'தண்ணி' அவள் தொண்டையில் ஏறி இறங்குவது எனக்குக் கண்ணால் தெரிந்தது. அவள் அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று.

ஜட்ஜ் நாற்காலியிலிருந்து இறங்கினான். மேசையில் இருந்த டம்ளரை எடுத்துக் கூஜாவுக்கு நேரே நீட்டினான். ஆசிரியை ஒன்றும் புரியாமல் ஊற்றினார். அதைச் சிந்தாமல் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தான். சித்திக்குப் புரிந்துவிட்டது. மடக்கென்று ஒரு வாய் எடுத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டாள். உடனே அவன் ஆசிரியை பக்கம் திரும்பி, கைகட்டி நின்று பாடினான்.

*எனக்கு வேணும், எனக்கு வேணும், எனக்கு வேணும் ஒரு…*

கன்னம் உப்பியது.

"தண்ணி."

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் பார்வை சித்தியை விட்டு நகரவில்லை. "ரொம்ப நல்லாச் சொன்னான். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. தண்ணி அவனுக்குத்தான வேணும்? நீங்க ஏம்மா குடிச்சிட்டு இப்படி உக்காந்திருக்கீங்க?"

சித்தியால் பதில் சொல்ல முடியாது. ஜட்ஜ் அதற்குள் பந்துப் பாட்டுக்குப் போய்விட்டான். பாட்டு முடியும்வரை அவள் விழுங்கக் கூடாது, விழுங்கினால் முதலிலிருந்து. அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"மேடம்…" என்றார் சித்தப்பா. "நான்… கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன்."

"சொல்லுங்க. அவசரம் இல்ல."

சித்தப்பா சொன்னார். மாடி மாடியாக, எல்லா மாடியிலும் நின்று. கடைசிச் சொல், டம்ளர், கண்ணாடி, கன்னம் எல்லாவற்றையும் சொன்னார். "இவ வாயில தண்ணி இருக்குற நேரத்துலதான் மேடம் எங்க வீட்டுல பையன் பேசக் கத்துக்கிட்டான். நானும்தான். அவிச்ச முட்டை எனக்குப் பிடிக்காதுன்னு போன மாசம்தான் சொன்னேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து தின்னுக்கிட்டு இருக்கேன்."

சித்தியின் கண்கள் பெரிதாயின. கன்னம் அப்படியே இருந்தது. அவர் வாழ்நாளில் இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது என்பது சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"அதுவாவது முட்டை. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல நின்னு இவகிட்ட ஒண்ணு கேக்கலாம்னு ஆரம்பிச்சேன். 'சரி, கல்யாணம் பண்ணிக்கலாம்'னுட்டா. நான் கேக்க வந்தது அது இல்ல மேடம்."

'யாரோ விட்டது' என்றே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்த ஜட்ஜ் ஒருவழியாக "பந்து" என்று முடித்தான். சித்தி விழுங்கினாள், பாதி தண்ணீர் மூக்கில் ஏறிப் புரையேறியது. இருமிக்கொண்டே, "அப்ப என்னதாங்க கேக்க வந்தீங்க?" என்றாள்.

"அத வீட்டுல போய்ப் பேசிக்குங்க" என்றார் ஆசிரியை, முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு. "பையன் திங்கக்கிழமைல இருந்து வரட்டும். ஆனா ஒண்ணு. எங்க டீச்சருங்க நாள் முழுக்க வாயில தண்ணி வச்சுக்கிட்டு இருக்க முடியாது. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

அதற்கும் வழி பிறந்தது. பயிற்சியாளர் முதலில் வெறும் டம்ளரைக் காட்டச் சொன்னார், பிறகு அதுவும் இல்லாமல் ஆனது. இப்போது ஜட்ஜுக்கு ஐந்தரை வயது. பேசுகிறான், பாடுகிறான், தீர்ப்பும் சொல்கிறான். அவனை நிறுத்தத்தான் எங்களுக்கு வழி தெரியவில்லை. சித்தியின் ஜன்னலும் திறந்தேதான் இருக்கிறது.

அன்று பள்ளியிலிருந்து திரும்பும்போது நால்வரும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தோம். சித்தி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க. நான் குறுக்க பேசல" என்றாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு நான் உங்கிட்ட கேக்க வந்தது…" என்று நிறுத்தி, சொல்லைத் தேடினார். ஒரு நிறுத்தம் வந்து போனது. சித்தி தாங்கினாள். இன்னொரு நிறுத்தம் வந்தது.

"எங்கம்மாவப் பத்தியா? நான் வேலைய விட்டுடணும்னா?"

சித்தப்பா அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகும் சில முறை அவர் ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் சித்தி அவருக்கு ஒரு பதிலைக் கொடுத்திருக்கிறாள், ஒன்றும் பொருந்தவில்லை. நான் ஒரு நாள் தனியாகக் கேட்டேன். "உங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவகிட்ட கேக்க வந்தது. அவதான் கேட்டுக்கணும்" என்றார். சித்தியிடம் போய், "ஒரு நிமிஷம் சும்மா இருந்தா தீர்ந்துடுமே" என்றேன்.

"இருந்துடறேன்டி. அந்த ஒரு நிமிஷம் அவருக்கு நான் குடுக்க வேண்டியதுதான், இல்லேங்கல. இந்த ஞாயித்துக்கிழமை உக்காந்து…" என்றாள்.

நான் குறுக்கே பேசவில்லை. அவளும் அதற்கு மேல் சொல்லவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. சித்தப்பாவுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு நிமிடம் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.